சங்கராபரணிக் கரையில் – 14: நைனியப்ப பிள்ளையின் சிறை

சென்ற பகுதியை 1715-இல் நிறுத்தியிருந்தோம். கோயில் வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் புதுச்சேரி நிருவாகம் முட்டுக்கட்டை போட்டது. வணிகர்களும் நெசவாளர்களும் கூலியாட்களும் கூட்டங்கூட்டமாக ஊரைக் காலிசெய்யக் கிளம்பினார்கள். மேற்கே ஒழுகரையைத் தாண்டிவிட்டால் கர்நாடக நவாப் சாதத்துல்லா கானின் சீமை. வில்லியனூர் அப்போது அந்தப் பக்கம்தான். பிரெஞ்சுக் கொடி சங்கராபரணியைத் தொட இன்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தன. துணி ஏற்றுமதியை நம்பிப் பிழைத்த பிரெஞ்சுக் கம்பெனிக்கு, தறிக்காரன் எல்லை தாண்டிப் போவதைவிடப் பெரிய மிரட்டல் வேறு இல்லை. அதனால் நிருவாகம் இறங்கிவந்தது. சனங்களும் திரும்பினார்கள்.

இறங்கிவந்த அதிகாரம் அந்த அவமானத்தைச் சும்மா விடாது. யார் தலையிலாவது கட்டவேண்டும். 1716 பிப்ரவரியில் தலைமைத் தரகர் நைனியப்ப பிள்ளை கைது செய்யப்பட்டுக் கோட்டைக்குள் அடைக்கப்பட்டார். ஊரைக் கிளப்பிவிட்டவர் அவர்தான் என்பது குற்றச்சாட்டு.

புதுச்சேரியில் இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. அதில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் கைதியாகச் செத்த கதை தெரியும்? வில்லியனூர் வரலாற்றுக்கு நடுவே இந்த நகரத்துக் கதை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இந்த மண்ணில் ஒரு கைதியின் வழக்கு இவ்வளவு விரிவாகப் பதிவாகியிருப்பது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் முறை. நம் ஊர் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனபோது எப்படிப்பட்ட சட்டத்துக்குள் போனது என்பதற்கும் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நைனியப்பர் சென்னைப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்து புதுச்சேரியில் வணிகம் செய்து வளர்ந்தவர். 1708-இல் ஆளுநர் எபேர் அவரைக் கம்பெனியின் தலைமைத் தரகராக்கினார். துணிக்கு முன்பணம் கொடுப்பது, கடன் ஏற்பாடு செய்வது, உள்நாட்டு அதிகாரிகளோடு பேசுவது எல்லாம் அவர் கையில். பிரெஞ்சுக்காரர்கள் பார்வையில் ஊரிலுள்ள தமிழர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். இந்தப் பதவி இயேசு சபையாரின் கண்ணை உறுத்தியது. அதற்குமுன் தரகராக இருந்தவர் கிறித்தவர். இனியும் கிறித்தவரே இருக்கவேண்டும் என்று அவர்கள் பாரிசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஏழைக் கிறித்தவர்களுக்கு அன்னதானம் செய்தபோது நைனியப்பர் ஜெபமாலைகளும் கொடுத்தார். அதுவும் அவர்கள் புகாரில் ஏறியது. கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம் என்கிற இடத்துக்கு அவர் வந்துவிட்டிருந்தார்.

அவரைப் பதவியில் வைத்த எபேர் 1713-இல் பதவியிழந்து பிரான்சுக்குப் போனார். 1715-இல் மறுபடியும் அதிகாரத்தோடு வந்து இறங்கினார். இயேசு சபையாரின் ஆதரவைப் பெறத்தான் நைனியப்பரைக் காவுகொடுக்கச் சம்மதித்தார் என்பது நைனியப்பர் தரப்பு பின்னால் சொன்னது. அது முழு உண்மையா என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் கைது செய்ய உத்தரவிட்டவர், விசாரித்தவர், தீர்ப்பு வழங்கிய சபையின் தலைவர் மூவரும் எபேர் என்ற ஒரே ஆள்தான். இதில் சந்தேகம் இல்லை.

விசாரணை நடந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

நைனியப்பருக்குத் தமிழ் தெரியும், போர்த்துகீசியம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. அந்தக் காலத்தில் கடற்கரைத் துறைமுகங்களின் பொதுமொழி போர்த்துகீசியம். அதனால் கேள்விகளைப் போர்த்துகீசியத்தில் கேட்டார்கள். பதிலைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். சாட்சிகள் சொன்ன தமிழ் வாக்குமூலங்களைப் பிரெஞ்சாக்கியவர் மனுவேல் என்பவர். இயேசு சபையாரின் தலைமை உபதேசியார் ஒருவரின் மகன். பிரான்சில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். அதாவது, புகார் கொடுத்த தரப்பின் வீட்டுப் பிள்ளையே குற்றவாளிக் கூண்டுக்கும் நீதிபதிக்கும் நடுவில் நின்றார். பின்னாளில் மறுவிசாரணை நடந்தபோது, தாங்கள் கையெழுத்துப் போட்ட பிரெஞ்சுக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தங்களுக்குத் தெரியாது என்று சாட்சிகள் பலர் சொன்னார்கள்.

வெளியாட்களோடு பேச நைனியப்பருக்கு அனுமதி இல்லை. வழக்கறிஞரும் இல்லை. இதை எபேரின் தனிப்பட்ட கொடுமை என்று ஒதுக்கிவிட முடியாது. பதினான்காம் லூயி 1670-இல் பிறப்பித்த குற்றவியல் ஆணை பெருங்குற்ற வழக்குகளில் கைதிக்கு வழக்கறிஞர் துணையை மறுத்திருந்தது. விசாரணையும் மூடிய கதவுக்குள்தான். அதே ஆணை, மொழி தெரியாத கைதிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொன்னது. அந்த மொழிபெயர்ப்பாளர் யாருடைய ஆளாக இருக்கக்கூடாது என்றுதான் அது யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் முந்நூறு ஆண்டுகள் முன்னே தாவுகிறேன்; தொடரின் ஒழுங்கு கெட்டாலும் பரவாயில்லை.

வில்லியனூருக்கு மேற்கே கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-இல்தான் முடிந்தது. அதே 1962-இல், நாம் இணைந்த இந்தியாவின் உச்ச நீதிமன்றம் ஹரிகிசன் என்ற மகாராட்டிரக் கைதியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தடுப்புக்காவலில் வைத்ததற்கான காரணங்களை அவரிடம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் கொடுங்கள் என்று அவர் கேட்டார். மாநிலத்தின் அலுவல் மொழி இன்னும் ஆங்கிலம்தான் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். ஒருவருக்குப் புரியாத மொழியில் காரணத்தைக் கொடுப்பது காரணமே கொடுக்காததற்குச் சமம் என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்தது. அவர் விடுதலையானார்.

நைனியப்பர் கேட்டிருக்கவேண்டிய தீர்ப்பு அது. 246 ஆண்டு தாமதம்.

சாட்சியம் கைதிக்குப் புரியாத மொழியில் இருந்தால் திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டமும் அதை வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் பகுதியில் இப்போது யாருக்கு இது தேவைப்படுகிறது என்று பாருங்கள். ஏனாமிலிருந்து காலாப்பட்டுச் சிறைக்கு வருபவர் தெலுங்கர். மாகியிலிருந்து வருபவர் மலையாளி. சேதராப்பட்டு, திருபுவனைத் தொழிற்பேட்டைகளில் இயந்திரம் ஓட்டும் பையன்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள். இரவு அறையில் நடந்த ஒரு சண்டையில் ஒருவன் மாட்டினால், காவல் நிலையத்தில் அவனுக்கு இந்தி பேசிக் காட்டுபவர் யார்? பெரும்பாலும் அவனை வேலைக்குக் கூட்டிவந்த கங்காணிதான். அந்தக் கங்காணிக்கும் அவனுக்கும் கூலிப் பாக்கித் தகராறு இருந்தால் என்ன ஆகும்? மனுவேலின் நாற்காலி இன்னும் காலியாகவில்லை. அன்று புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் தமிழன். இன்று அந்தக் காகிதம் தமிழில் இருக்கிறது, போடுகிறவன் வேறொருவன். நாம் மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்பது கொஞ்சம் சங்கடமான கேள்வி.

சரி, 1716-க்குத் திரும்புவோம்.

ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. கொடுங்கோன்மை, கலகம் இரண்டும் நிரூபணம் என்றார்கள். பதவி பறிப்பு, சொத்து பறிமுதல், பெரும் அபராதம், கடைவீதியில் ஊர்பார்க்க ஐம்பது சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, அதன்பின் நாடுகடத்தல். அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும், கூட்டாளி ராமநாதரும் இதே வழக்கில் சிக்கினார்கள். தரகர் பதவி பேதுரு என்கிற கனகராய முதலியாருக்குப் போனது. ஒழுகரையில் பின்னாளில் கோயில் கட்டியவர் அவர்தான். வில்லியனூரிலிருந்து நகரத்துக்குப் போகிறவர்கள் அந்த ஊரைக் கடந்துதான் போகிறோம்.

சவுக்கடி கடைவீதியில் ஏன்? நேற்றுவரை அந்தக் கடைகளில் அவர் சொல்தான் நாணயம். அவரிடம் முன்பணம் வாங்கியவர்கள், அவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். உடம்புக்கு வலி எந்த இடத்தில் அடித்தாலும் ஒன்றுதான். மரியாதைக்கு விழும் அடிக்குத்தான் இடம் பார்க்கவேண்டியிருந்தது.

மூன்றாண்டுச் சிறை என்பது அந்தக் காலத்துக்குச் சற்று வினோதமான தண்டனை. பழைய பிரெஞ்சுச் சட்டத்தில் சிறை என்பது பொதுவாகத் தண்டனை அல்ல. விசாரணை முடியும்வரை ஆளைப் பிடித்துவைக்கும் இடம். தண்டனை என்றால் சவுக்கடி, சூடு, துடுப்புக் கப்பல், தூக்கு, நாடுகடத்தல். சிறையில் இருப்பவனுக்கு அரசு கொடுக்கவேண்டியது ரொட்டி, தண்ணீர், படுக்க வைக்கோல் என்று 1670 ஆணை சொன்னது. அதற்குமேல் எது வேண்டுமென்றாலும் வீட்டார்தான் கொண்டுவரவேண்டும். கைதியின் வசதி அவன் மடியில் இருக்கும் பணத்தைப் பொறுத்தது. பாரிசின் சிறைகளிலும் அதுதான் வழக்கம்.

விசாரணை முடியும்வரை பிடித்துவைக்கும் இடம் என்று சொன்னேன் அல்லவா? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல். இருக்கும் இடமோ 4,36,266 பேருக்குத்தான். அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்களை வைத்தே நாட்டின் சிறைகள் ஏறக்குறைய நிரம்பிவிடுகின்றன. தண்டனை பெற்றவர்கள் அதற்குமேல் நெருக்கியடித்துக்கொள்கிறார்கள். நவீன சிறை சீர்திருத்தத்துக்கான இடம் என்று நூல்கள் சொல்கின்றன. கணக்கைப் பார்த்தால் அது இன்னும் பதினெட்டாம் நூற்றாண்டின் வேலையைத்தான் பெரும்பாலும் செய்கிறது.

நம் பக்கத்துக் கைதிகள் போகும் மத்திய சிறை நகரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டில் இருக்கிறது. நேரு வீதியில் பழைய சிறை இருந்த காலத்தில் வில்லியனூர்க்காரர் ஒரே பேருந்தில் போய் மனு பார்த்துவிட்டுத் திரும்பலாம். இப்போது நகரத்தில் இறங்கி வண்டி மாறவேண்டும். பாகூர்க் கிராமங்களிலிருந்து வரும் அம்மாவுக்கு ஒருநாள் கூலி போய்விடும். மனு போட்டு, வரிசையில் நின்று, சில நிமிடம் பேசி, ஜாமீனுக்கு ஆள் கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிட்டு வருவதற்கு ஒரு பகல் முழுதும் வேண்டும். சிறைவாசிக்கு உரிமை என்றதும் நமக்குச் சாப்பாடு, மருத்துவம், அடிஉதை என்றுதான் நினைவு ஓடுகிறது. பேருந்துக் கட்டணமும் அந்தப் பட்டியலில் வரவேண்டியது. வெளியில் ஆள் இருப்பவன் ஜாமீனில் வருகிறான். ஆள் வரமுடியாதவன் வாய்தாவுக்கு வாய்தா உள்ளேயே கிடக்கிறான்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வழக்கறிஞர் உண்டு என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். இதற்குமுன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், தன்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடவேண்டும் என்கிறது 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு. தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்குகளுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. நாளைக் கணக்குப் பார்த்து நீதிமன்றத்துக்கு எழுதவேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. கைதி கேட்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பிணை கிடைத்தும் ஏழு நாளாக வெளியே வராதவர் இருந்தால் மாவட்டச் சட்ட உதவி ஆணையத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பிணை கிடைத்தும் வெளியே வராதவர் யார் என்கிறீர்களா? சொத்து ஜாமீன் போட இரண்டு பேர் கிடைக்காதவர். வில்லியனூர்ச் சந்தையில் ஒரு கடைக்காரருக்கு ஜாமீன் நிற்க நாலு பேர் ஓடிவருவார்கள். செங்கல் சூளையில் வேலைபார்க்கும் ஒடிசாக்காரருக்கு எவர் வருவார்?

நைனியப்பர் மூன்றாண்டை முடிக்கவில்லை. 1717-இல் சிறையறையிலேயே இறந்துபோனார்.

இன்றைக்கு ஒரு கைதி காவலில் இறந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போகவேண்டும். சில வகைச் சாவுகளில் நீதித்துறை நடுவரே நேரில் விசாரிக்கவேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயமாக்கியது. நைனியப்பரின் குடும்பத்துக்கு இப்படி ஒரு கதவும் இல்லை. அவர்களுக்கு இருந்த கதவு பாரிசில் இருந்தது. போய்வரும் கடிதத்துக்கே ஓராண்டுக்கு மேல் ஆகும்.

ஆனாலும் தட்டினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களே ஒரு கட்சியாக இல்லை என்பது அவர்களுக்குக் கைகொடுத்தது. அப்போது இந்திய வணிகத்தை நடத்திக்கொண்டிருந்த சேன்-மாலோ துறைமுக வணிகர்களுக்கு நைனியப்பர் வேண்டியவர். அவர் உள்ளே போனபிறகு அவர்கள் சரக்கு சரியாகச் சேரவில்லை. பாரிசு அயல்நாட்டு வேதபோதக சபையாருக்கும் இயேசு சபையாருக்கும் ஆகாது. இவர்கள் கைவழியாக மனுக்கள் கப்பலேறின. விசாரணையில் என்னென்ன முறைகேடு நடந்தது, யார் மொழிபெயர்த்தார், யார் நீதிபதி என்று புள்ளி புள்ளியாக எழுதிய மனுக்கள் அவை. கோட்டைக்குள் பேச விடாதவரின் வாதத்தை, பிரெஞ்சுச் சட்டத்தின் சொற்களைக்கொண்டே அவரைச் சேர்ந்தவர்கள் பேசினார்கள்.

நைனியப்பரின் மூத்த மகன் குருவப்பர் நேரிலேயே பிரான்சுக்குப் போனார். சிறுவயது அரசர் பதினைந்தாம் லூயிக்காக ஆட்சியை நடத்திவந்தவர் ஓர்லியான் கோமகன். அவரையே ஞானத்தந்தையாகக் கொண்டு குருவப்பர் பாரிசில் திருமுழுக்குப் பெற்றார். புனித மிக்கேல் வரிசையின் வீரர் பட்டமும் வாங்கினார். தகப்பன் எதை ஏற்காததால் பகையைத் தேடிக்கொண்டாரோ அதையே மகன் ஏற்று, தகப்பனின் பெயரை மீட்டார். இதை விட்டுக்கொடுத்தல் என்பதா, காரியவாதம் என்பதா, நம்பிக்கை என்பதா? அவர் மனசுக்குள் போய்ப் பார்க்க வழியில்லை. வேலை நடந்தது. 1718-இல் எபேர் பதவியிழந்தார். கைதாகிப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். மறுவிசாரணையில் தீர்ப்பு புரட்டப்பட்டு, இறந்துபோன நைனியப்பர் நிரபராதி என்றானது. 1722-இல் குருவப்பர் தலைமைத் தரகராகப் புதுச்சேரியில் இறங்கினார். இரண்டே ஆண்டில், 1724-இல், அவரும் போய்ச்சேர்ந்தார். பதவி திரும்பவும் கனகராய முதலியாரிடம் வந்தது. 1746-இல் அவர் சாகும்வரை அவரிடமே இருந்தது.

பள்ளிப் புத்தகத்தில் இதை எழுதினால் நீதி வென்றது என்று முடிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பலேறிப்போக மகன், மனு எழுத பாதிரியார்கள், நட்டத்தைக் கணக்குப்போடும் வணிகர்கள், இத்தனையும் இருந்த ஒருவருக்கே நீதி செத்தபிறகுதான் வந்தது. அதே கோட்டையில் அதே ஆண்டுகளில் கிடந்த மற்றக் கைதிகளுக்கு இதில் ஒன்றுகூட இல்லை. நைனியப்பர் பெரிய மனிதர் என்பதால் காகிதம் சேர்ந்தது. பிரான்சின் ஆவணக் காப்பகங்களில் அது இன்னும் கிடக்கிறது. அந்த மற்றவர்களைப் பற்றி இந்தத் தொடரில் நான் எழுத முடியாமல்போவதும் அதனால்தான்.

இதே வழக்கில் மாட்டிச் சென்னைக்குப் போய்விட்டிருந்த மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையைப் புதிய நிருவாகம் கூப்பிட்டனுப்பியது. அவர் குடும்பத்தோடு திரும்பிவந்தார். 1709-இல் பெரம்பூரில் பிறந்த அவருடைய மகனின் பெயர் ஆனந்தரங்கம். 1736 செப்டம்பரில் அந்த மகன் தமிழில் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பில்தான் வில்லியனூர் என்ற பெயர் அடுத்தடுத்து வரப்போகிறது. சந்தா சாகிப், துய்ப்ளேக்சு, நம் ஊர் கைமாறிய 1749 எல்லாம் அவர் கண்வழியாக.

(தொடரும்)